கைவிடப்பட்ட புரொசசர்களுக்கு விலை இறங்காதது ஏன்?

பழைய பொருளின் விலை இறங்கும் என்பது சந்தையின் பொது விதி. கணினிப் பொருட்களைப் பொறுத்தவரை அந்த இறக்கம் இன்னும் வேகமானது. ஆயினும் கணினியின் மூளை எனப்படும் புரொசசர்களில் ஒரு சில மட்டும், தயாரித்த நிறுவனமே கைவிட்டுப் பல ஆண்டுகள் சென்ற பின்னரும், பாவித்த பொருட்களின் சந்தையில் விலையை விட்டுக்கொடுக்காமல் நிற்கின்றன. நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா முதலிய இடங்களில் பிள்ளைகளின் படிப்புக்கெனப் பாவித்த கணினிகளை வாங்கும் பெற்றோர், "பழைய சாமானுக்கு ஏன் இந்த விலை?" என்று கேட்பதில் நியாயம் இருக்கின்றது. நாட்சம்பளத்தை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு இது அற்ப விடயமன்று.

விடை புரொசசருக்குள் இல்லை. அது அமரும் பலகையில் இருக்கின்றது. ஒவ்வொரு மதர்போர்ட்டும் குறிப்பிட்ட சில புரொசசர்களை மட்டுமே ஏற்கும். இன்டெல் நிறுவனம் பெரும்பாலும் இரண்டு தலைமுறைகளுக்கு ஒருமுறை இந்த இருக்கையை மாற்றிவிடுகின்றது. சில வேளைகளில் இருக்கை மாறாவிட்டாலும் கதவு அடைபடும். 2017ஆம் ஆண்டு வெளிவந்த எட்டாம் தலைமுறைப் புரொசசர்களின் தொடுமுனைகள் முந்தியவற்றைப் போலவே 1151தான். எனினும் ஆறாம், ஏழாம் தலைமுறைகளுக்கென விற்கப்பட்ட பலகைகளில் அவற்றை இயங்க அந்நிறுவனம் அனுமதிக்கவில்லை. ஆகவே அப்பலகையை வைத்திருப்பவர் ஏறக்கூடிய கடைசிப் படி, அதே ஆண்டின் தொடக்கத்தில் வந்த கோர் ஐ7-7700கே. நான்காம் தலைமுறைப் பலகைகளுக்கு அத்தகைய கடைசிப் படி 2014இல் வந்த ஐ7-4790கே.

கடைசிப் படிக்குத்தான் விலை. அதற்குக் கீழுள்ள படிகளுக்கு இல்லை. வங்கிகளும் பெரிய நிறுவனங்களும் சில ஆண்டுகளுக்கொரு முறை கழித்துவிடும் கணினிகளில் பெரும்பாலும் இருப்பவை நடுத்தர ஐ5 வகைகளே. அவை மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வருவதால் விலை சரிகின்றது. உச்ச வகையோ முதலிலேயே குறைவாக விற்றது. வாங்கியவர்களும் எளிதில் கைவிடுவதில்லை. தயாரிப்பு நின்றுவிட்டபடியால் புதிதாக வருவதற்கும் வழியில்லை. வரத்து இவ்வாறு ஒடுங்கியிருக்க, அந்தப் பலகையை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தேடுவதோ அந்த ஒன்றைத்தான்.

மலையகத்தாருக்கு இது புதிய செய்தியாக இருக்க முடியாது. இங்கிலாந்தின் கெயின்ஸ்பரோ நகரில் மார்ஷல் நிறுவனம் வார்த்தனுப்பிய கொழுந்து உருட்டும் ரோலர்களையும், பெல்பாஸ்ட் நகரின் சிரோக்கோ உலர்த்திகளையும் கொண்டு எழுந்தவையே எமது தேயிலைத் தொழிற்சாலைகள். அத்தகைய பழைய இயந்திரத்தின் பாகமொன்று தேவைப்படும்போது, அதன் இரும்பின் எடையைப் பார்த்து எவரும் விலை பேசுவதில்லை. அது கிடைக்காவிட்டால் முழு இயந்திரத்தையும் மாற்ற எவ்வளவு செலவாகும் என்பதே கணக்கு. புரொசசரிலும் அதே கணக்குத்தான். அதை மாற்றாவிட்டால் மதர்போர்ட், நினைவகம், புரொசசர் மூன்றையும் சேர்த்தே புதிதாக வாங்கவேண்டும். அந்த மொத்தச் செலவுக்குச் சற்றுக் கீழே எந்த விலையைச் சொன்னாலும் விற்பவருக்கு ஆள் கிடைக்கும்.

நம் நாட்டில் அந்த மொத்தச் செலவு டொலரோடு கட்டுண்டது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், இரண்டே மாதங்களில் 360 ரூபாவைத் தொட்டது. புதிய பாகங்களின் விலை ஏறியபோது, அவற்றுக்கு மாற்றாக நின்ற பழைய பாகங்களும் கூடவே ஏறின. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 சதவீதமானது இன்னொரு சுமை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர், பல ஆண்டுகள் ஓடிய கார்கள் வாங்கிய விலையைவிடக் கூடுதலாகக் கைமாறியதை நாம் கண்டிருக்கின்றோம். பொருள் வேறு, நியதி ஒன்று.

உலகச் சந்தையில் இதற்கு அண்மைய எடுத்துக்காட்டு ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 7 5800எக்ஸ்3டி. ஏ.எம்.4 பலகைகளுக்கென 2022 ஏப்ரலில் 449 டொலருக்கு வந்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் வந்த ஏ.எம்.5 பலகைகள் டி.டி.ஆர்.5 நினைவகத்தை மட்டுமே ஏற்பவை. 2025இன் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் தேவையால் நினைவக விலை பன்மடங்கானபோது, பழைய டி.டி.ஆர்.4 நினைவகம் வைத்திருந்தோர் இந்த நிறுத்தப்பட்ட புரொசசரை நாடிச் சென்றனர்.

வேறு காரணங்களும் உண்டு. 1995இல் வந்த பென்டியம் புரோவைச் சிலர் வாங்குவது அதிலுள்ள தங்கத்துக்காக. 1971இன் 4004ஐச் சேகரிப்பாளர்கள் தேடுகின்றனர். 2002ஆம் ஆண்டு அமெரிக்காவின் நாசா நிறுவனம், விண்ணோடத்தின் உந்திகளைச் சோதிக்கும் கருவிகளுக்காகப் பழைய 8086 சில்லுகளை இணையச் சந்தையில் தேடிய கதையும் உண்டு. ஆனால் இவை நம் பெற்றோரின் கைப்பணத்தோடு தொடர்பற்றவை.

அவர்கள் அறியவேண்டியது வேறு. விளம்பரத்தில் போடப்படும் விலை கேட்கும் விலையே. விற்ற விலை அன்று. விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் பொதுவாக முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏழாம் தலைமுறைப் புரொசசர்களில் மிகச் சிலவற்றைத் தவிர மற்றவற்றையும், அதற்கு முந்தியவற்றையும் ஏற்பதில்லை. லினக்ஸ் பயன்படுத்த ஆயத்தமில்லாதவர் 4790கே ஒன்றுக்குப் பெருந்தொகை கொடுப்பதை நாம் பரிந்துரைக்க மாட்டோம். பாடக் குறிப்புகளும் இணைய வகுப்பும்தான் தேவையென்றால், சுழலும் வன்தட்டை அகற்றி ஒரு எஸ்.எஸ்.டி. பொருத்துவது பெரும்பாலும் போதும்; அதன் செலவும் குறைவு. அதையும் மீறிப் புரொசசரை மாற்றுவதாயின் முதலில் பலகையைப் பாருங்கள். நான்காம் தலைமுறையின் மலிவான எச்81 பலகைகள் பலவற்றில் பயோஸைப் புதுப்பிக்காவிட்டால் 4790கே இயங்காது; அதன் மின்தேவையைத் தாங்கும் வலுவும் அவற்றுக்குக் குறைவு.

இன்னொன்று. புரொசசரில் அசையும் பாகம் இல்லை. முறையாகப் பாவித்தால் எளிதில் கெடாது. கெடுவது பலகை, ஈரமும் இடிமின்னலும் மிகுந்த எமது பகுதியில் அது இன்னும் விரைவு. பலகைகள் அழிந்தால் புரொசசருக்கும் கேள்வி இல்லாமல் போகவேண்டும். அவ்வாறு போகாமைக்குச் சீனாவின் சிறு தொழிற்சாலைகளும் ஒரு காரணம். கழித்த பலகைகளிலிருந்து சில்லுகளைப் பிரித்தெடுத்து, பழைய இருக்கைகளுக்கே புதிய பலகைகளை அவை செய்து அனுப்புகின்றன. அப்பலகைகள் வந்துகொண்டிருக்கும் வரையில், கடைசிப் படியாக நிற்கும் புரொசசர்களின் விலை அவ்வளவு இலகுவில் இறங்காது.