ஆலிவா, குட்டிக் கோஸா?

பர்கூர்ச் சகோதரியே! பெங்களூர் போய் வந்த வீட்டுக்காரர் ஒரு புட்டி ஆலிவும், பெரிய நெல்லிக்காய் பருமனில் 'பிரஸ்ஸல்ஸ் கோஸ்' அரைக் கிலோவும் வாங்கி வந்துவிட்டாரா? திகைக்க வேண்டாம்.

மரத்திலிருந்து பறித்த ஆலிவை வாயில் வைக்க முடியாது, ஒரே கசப்பு! மாவடுவைப் போல் உப்பு நீரில் ஊறினால்தான் பக்குவமாகும். அப்படி ஊறிய பச்சை ஆலிவ் 100 கிராமில் கொழுப்பு சுமார் 15 கிராம். இருதயத்துக்கு ஏற்ற ரகந்தான். ஆனால் கூடவே உப்பும் ஏறக்குறைய 4 கிராம்! நாள் முழுவதற்குமே 5 கிராமுக்குள் இருக்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரத்தக் கொதிப்புள்ள மாமியாருக்கு எண்ணிப் பரிமாறுங்கள்.

குட்டிக் கோஸில் கொழுப்பு இல்லையென்றே சொல்லலாம். 100 கிராமில் 43 கலோரி. 'சி' வைட்டமினோ 85 மில்லிகிராம்! ஆலிவில் அது பெயரளவுக்குத்தான். வேகவைத்த நீரைக் கொட்டினால் சத்தும் கூடவே போய்விடும். ஆவியில் லேசாக வேகவைத்துத் தாளியுங்கள். இதில் 'கே' வைட்டமினும் அதிகம். ஆகவே இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

ஆக, கறிக்குக் கோஸ், ருசிக்கு ஆலிவ். விலை கட்டுப்படியாகவில்லையா? ஓசூர்ப் பக்கம் விளைகிற முட்டைக்கோஸ் குட்டிக் கோஸின் உடன்பிறப்புத்தானே! அதிலும் 100 கிராமுக்கு 36 மில்லிகிராம் 'சி' உண்டு.