வேண்டாத பொருளும் கொடுக்கத் தகுந்த பொருளும்



ரமளான் நெருங்கும்போது நம் இல்லங்களில் பரண் ஒழிக்கும் வேலை தொடங்கிவிடுகிறது. கிழிந்த துணி, பழுதான மிக்ஸி, பாதி தீர்ந்த மருந்துப் பாட்டில் யாவும் ஒரே சாக்கில் கட்டப்பட்டு, ஸதகா என்ற நிய்யத்துடன் மதரஸாவுக்கு அனுப்பப்படுகின்றன. விடுதிப் பொறுப்பாளர் ஒருவர் என்னிடம் வருந்திக் கூறினார்: வந்த சாக்குகளில் பாதியைக் குப்பைக்கு அனுப்ப நேர்ந்ததாம், அந்த வண்டிக் கூலி பிள்ளைகளின் சாப்பாட்டுப் பணத்திலிருந்து போயிற்றாம்.

இது ஸதகாவாகுமா? கண்ணை மூடிக்கொண்டன்றி நாமே வாங்கிக்கொள்ள மாட்டாத மட்டமான பொருளைத் தர்மத்திற்கென நாடக் கூடாது என்று அல்பகரா அத்தியாயத்தின் 267ஆம் வசனம் தடுக்கிறது. ஏழைத் தோழர்கள் உண்பதற்காகப் பள்ளிவாசலில் பேரீச்சங்குலைகளைத் தொங்கவிடும் வழக்கமிருந்தது. சிலர் மட்டமான குலைகளைக் கொண்டுவந்து தொங்கவிட்டதையொட்டியே இவ்வசனம் இறங்கியதென பராஉ (ரலி) அவர்கள் வாயிலாகத் திர்மிதியில் பதிவாகியுள்ளது.

பழைய துணியே கூடாது என்பதல்ல இதன் கருத்து. துவைத்து, பொத்தான் தைத்து, மடித்துக் கொடுத்தால் அதை வாங்குகிறவர் மனம் கூசமாட்டார். ஆனால் அதை ஜகாத் கணக்கில் எழுதுவது வேறு விஷயம். ஷாஃபிஈ மத்ஹபில் பணத்திற்குரிய ஜகாத்தைப் பணமாகவே கொடுக்க வேண்டும். ஹனஃபி மத்ஹபில் மதிப்புக்கு ஈடான பொருளைக் கொடுக்கலாம். எனினும் இன்றைய சந்தை மதிப்பே கணக்கு, வாங்கிய விலையன்று. இரண்டாயிரம் ரூபாய்க்கு வாங்கிய புடவை, ஐந்தாண்டு உடுத்திய பின்னும் இரண்டாயிரமாகவே இருப்பதில்லை!

குறையை மறைத்துக் கொடுப்பது அதைவிடப் பெரிய தவறாகும். தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கண்டித்தார்கள் (முஸ்லிம்). விற்பனையில் உள்ள இந்த நேர்மை தர்மத்தில் வேண்டாமா? ஷாக் அடிக்கும் இஸ்திரிப் பெட்டியை ஏழை வீட்டுக்குக் கொடுப்பது உயிரோடு விளையாடுவதாகும். பழுது பார்த்துக் கொடுங்கள். இயலாதெனில் மின்கழிவு சேகரிப்போரிடம் ஒப்படையுங்கள். உப்பிப்போன செல்போன் பேட்டரியும் அவ்வாறே. குப்பையில் போட்டால் நசுங்கித் தீப்பிடிக்கும். பழைய ஃபிரிட்ஜை வெளியில் வைக்குமுன் கதவைக் கழற்றிவிடுங்கள். உள்ளே புகுந்து ஒளியும் குழந்தை மூச்சுத் திணறி இறந்துவிடக்கூடும்.

செல்போனைக் கொடுப்போர் சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிட்டு, உள்ளிருப்பதை முழுவதும் அழித்தே கொடுக்க வேண்டும். வீட்டுப் பெண்களின் படங்கள் அமானிதம் அல்லவா!

காலாவதியான மருந்தை எவருக்கும் கொடுக்கலாகாது. திரும்பப் பெறும் மருந்துக் கடை அருகிலிருந்தால் அங்கே கொடுப்பதே நலம். இல்லையேல் மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, பயன்படுத்திய தேயிலைத் தூளுடன் கலந்து, இறுகக் கட்டிப் போடலாம். இன்சுலின் ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவிலிட்டு மூடி, தனியாகக் கொடுங்கள். பாதரசமுள்ள டியூப்லைட்டை உடைக்காமல் கொடுங்கள். வீட்டு அபாயக் கழிவைத் தனியே பிரிக்க வேண்டுமென்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளே கூறிவிட்டன. பாதையில் தொல்லை தருவதை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று அறிந்திருக்கும் நாம், துப்புரவுப் பணியாளரின் கையில் ஊசி குத்தக் காரணமாகலாமா?

இனி, சிதைந்த குர்ஆன் பிரதிகள். தூய துணியில் சுற்றி, கால் மிதிபடாத இடத்தில் புதைப்பது ஹனஃபி அறிஞர்கள் கூறும் முறை. அவமதிப்பிலிருந்து காக்கும் நோக்கில் எரிப்பதற்கு ஷாஃபிஈ அறிஞர்கள் அனுமதியளித்துள்ளனர். உஸ்மான் (ரலி) அவர்கள் ஏனைய ஏடுகளை எரிக்கச் செய்தது இதற்குச் சான்று. பழைய பேப்பர்க் கடையில் எடைக்குப் போடுவது மட்டும் எவ்விதத்திலும் கூடாது. இறைவசனங்கள் அச்சிடப்பட்ட இந்த இதழின் பழைய பிரதிகளுக்கும் இது பொருந்தும்.