பள்ளிக்கும் வீட்டுக்கும் ஓர் உடன்படிக்கை

ஒரு துண்டுக் காணியை வாங்குவதாயினும், உறுதி எழுதாமல் நம்மவர் பணத்தைக் கைம்மாற்றுவதில்லை. வயலைக் குத்தகைக்கு விடுவோர் போகத்திற்கு இத்தனை மூடை நெல்லென்று முன்கூட்டியே பேசி முடிக்கின்றனர். ஒரே வள்ளத்தில் தொழிலுக்குச் செல்வோர், வள்ளத்துக்கு எத்தனை பங்கு, வலைக்கு எத்தனை பங்கு, ஆளுக்கு எத்தனை பங்கு என்பதைக் கரையிலேயே தீர்மானித்துக் கொள்கின்றனர். நெல்லுக்கும் மீனுக்கும் நிலத்துக்கும் இவ்வாறு வரையறை செய்யும் நாம், பெற்ற பிள்ளையைப் பதினொன்று, பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பாடசாலையிடம் ஒப்படைக்கும்போது மட்டும் ஒன்றும் பேசிக்கொள்வதில்லை. பிறப்புச் சான்றிதழின் இலக்கம் பதியப்படுகின்றது. படிவத்திலே கையொப்பம் பெறப்படுகின்றது. பாடசாலை என்ன செய்யும், வீடு என்ன செய்யும், பிள்ளை என்ன செய்யும் என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதப்படுவதில்லை.

பிள்ளை பின்தங்கும்போதுதான் இக்குறை வெளிப்படுகின்றது. "வீட்டிலே கவனிப்பார் இல்லை" என்பது ஆசிரியர் கூற்று. "பள்ளிக்கூடத்திலே படிப்பிப்பதில்லை" என்பது பெற்றோர் கூற்று. இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆயின், இருவரும் வழக்காடி முடிப்பதற்குள் பிள்ளை வகுப்பைவிட்டு நழுவிவிடுகின்றது.

பழைய உடன்பாடு

எழுதப்படாத உடன்பாடு ஒன்று நம் முன்னோரிடம் இருந்தது. விசயதசமியன்று ஏடு தொடக்கும்போது, பெற்றோர் வெற்றிலை பாக்கும் தட்சிணையும் வைத்துப் பிள்ளையை ஆசிரியர் மடியிலே இருத்துவர். ஆசிரியர் அதன் விரலைப் பற்றி அரிசியிலே முதலெழுத்தை எழுதுவிப்பார். அந்த வேளையில், 'இப்பிள்ளைக்கு நான் பொறுப்பு' என்று ஆசிரியரும், 'உமக்கு நாம் துணை' என்று பெற்றோரும் வாய்திறவாமலே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டனர்.

ஊர் முழுவதும் பாடசாலையைத் தாங்கிய வரலாறும் நமக்குண்டு. 1848 இல் ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபோது, அதனைத் தாங்கிய உதவிகளுள் வீடுதோறும் பெற்ற பிடியரிசியும் ஒன்று. உலையிலே அரிசி இடுமுன் ஒரு பிடியை எடுத்து வேறாக வைத்த இல்லத்தரசியர்க்கு, அப்பாடசாலை தம்முடையது என்பதை எவரும் எடுத்துரைக்க வேண்டியிருந்ததில்லை.

பழமை அனைத்தும் பொன்னென்று நாம் சொல்ல வரவில்லை. சாதியாலும் வறுமையாலும் பெண்ணாய்ப் பிறந்தமையாலும் பள்ளி வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டோர் அக்காலத்திற் பலர். 1945 இல் கன்னங்கராவின் முயற்சியால் வந்த இலவசக் கல்வி அவ்வாயிலைத் திறந்துவிட்டது. 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெற்ற பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது. இவற்றால் விளைந்த நன்மை பெரிது. எனினும், 'அது அரசாங்கத்தின் பள்ளிக்கூடம்; செய்யவேண்டியதை அரசாங்கம் செய்யும்' என்னும் எண்ணமும் மெல்ல வேரூன்றியது. பிடியரிசிக் காலத்து உரிமையுணர்வு தளர்ந்தது. அதன் இடத்திற்கு வேறொன்று வரவில்லை.

பிறநாடுகள் எழுதிப் பார்த்தவை

வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள உறவை எழுத்திலே வடித்துப் பார்த்த நாடுகளுள் இங்கிலாந்து குறிப்பிடத்தக்கது. ஆரம்பக் கல்வியை ஆராய்ந்து 1967 இல் வெளியான பிளவுடன் அறிக்கை, பெற்றோரின் ஈடுபாடு பிள்ளையின் கல்விக்கு இன்றியமையாதது என வற்புறுத்தியது. 1998 ஆம் ஆண்டுச் சட்டமோ, அரசு நிதி பெறும் பாடசாலைகள் பெற்றோருடன் உடன்படிக்கை ஒன்றை வகுத்துக்கொள்ள வேண்டுமென்று விதித்தது. பாடசாலையின் நோக்கம், பாடசாலையின் பொறுப்பு, பெற்றோரின் பொறுப்பு, மாணவரிடம் எதிர்பார்க்கப்படுவது ஆகிய நான்கும் அதில் இடம்பெற வேண்டும். அதனை வகுக்குமுன் பெற்றோரைக் கலந்தாலோசிக்கவும் வேண்டும்.

அச்சட்டத்தின் நுட்பம் ஒன்று நம் கவனத்திற்குரியது. கையொப்பமிட மறுத்த பெற்றோரின் பிள்ளைக்கு அனுமதி மறுத்தல் கூடாது. பிள்ளைக்கு அனுமதி கிடைக்குமுன் கையொப்பங் கேட்டலும் கூடாது. உடன்படிக்கையை மீறியதற்காக எவரும் எவர்மீதும் வழக்குத் தொடுத்தல் இயலாது. அஃதாவது, சட்டம் கட்டளையிட்டுப் பிறந்ததாயினும், அவ்வுடன்படிக்கை நல்லெண்ணத்தின் துணைகொண்டே வாழவேண்டியதாயிற்று.

அமெரிக்காவிலே, வறிய பிள்ளைகளுக்கென மத்திய அரசின் உதவியைப் பெறும் பாடசாலைகள் பெற்றோருடன் இத்தகைய உடன்படிக்கை செய்தல் வேண்டுமென்று 1994 ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 2015 இல் வந்த புதிய சட்டமும் அவ்விதியை வைத்துக்கொண்டது. ஆரம்பப் பாடசாலைகளில் ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஆசிரியரும் பெற்றோரும் நேரிற் சந்தித்து, குறித்த பிள்ளையைப் பற்றி அவ்வுடன்படிக்கையின் வழியே உரையாட வேண்டும் என்பதும் அதில் அடங்கும்.

அண்டை நாடாகிய இந்தியாவில் 2009 ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம் வேறு வழியிற் சென்றது. அரசுப் பள்ளிகளில் அமையும் மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருத்தல் வேண்டும். குழுவிற் பாதிப்பேர் பெண்களாயிருத்தல் வேண்டும். பிள்ளையின் வரவு, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைப் பெற்றோரைக் கூட்டி எடுத்துரைப்பது ஆசிரியரின் கடமையென அங்குச் சட்டமே சொல்கின்றது.

நிற்க. இங்கிலாந்திலே அந்த விதி இன்று இல்லை. பாடசாலைகளின் சட்டச் சுமையைக் குறைக்கும் நோக்குடன் 2015 இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 2016 ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு அக்கட்டாயம் நீங்கியது. விரும்பும் பாடசாலைகள் இன்றும் உடன்படிக்கை வைத்துக்கொள்ளலாம். இதிலிருந்து நாம் கொள்ளும் பாடம் இதுவே: ஆயிரம் வீடுகளுக்கு ஒரே படிவத்தை அச்சிட்டு அனுப்பி, ஒப்பம் பெற்று, அலுமாரியிலே பூட்டி வைத்தால் அது உடன்படிக்கையாகாது. தன் வீட்டு நிலையை அறிந்தவர் எழுதியது இது என்று பெற்றோர் உணர்ந்தாலன்றி அத்தாளுக்கு உயிரில்லை.

இலுப்பைக்கடவையில் எழுதினால்

இக்கருத்தை நம் மண்ணில் வைத்துப் பார்ப்போம். மன்னார்ப் பெருநிலக் கரையோரத்தில், பூநகரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், விடத்தல்தீவுக்கு வடக்கே உள்ளது இலுப்பைக்கடவை. ஒருபுறம் கடல், மறுபுறம் வயல். விளக்குக்கு எண்ணெய் தரும் இலுப்பையும் வழிவிடும் கடவையும் பெயரிலேயே அமைந்த ஊர்.

இவ்வூரை ஒத்த கரையோரக் கிராமம் ஒன்றிலே, "பெற்றோர் நாள்தோறும் இரவு ஏழு மணிக்குப் பிள்ளையின் வீட்டுப்பாடத்தைத் திருத்த வேண்டும்" என்று எழுதினால் என்னவாகும்? அந்நேரம் தந்தை கடலில் இருப்பார். அறுவடைக் காலமாயின், தாய் பகல் முழுதும் வயலில் நின்று களைத்து வந்திருப்பாள். தாய் வெளிநாட்டு வேலைக்குச் சென்ற வீட்டிலே பிள்ளைக்குக் காவல் அம்மம்மாவே. நிறைவேற்ற முடியாத வாக்கில் ஒப்பமிட்டவர், அன்று முதல் ஆசிரியரைக் கண்டால் வழிமாறி நடப்பார். வீட்டையும் பள்ளியையும் சேர்க்க எழுதிய தாளே இரண்டையும் பிரித்துவிடும்.

இன்னுமொன்றையும் மறத்தலாகாது. 2008 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத் தொடக்கத்திலே போர்முனை இவ்வூரை வந்தடைந்தது. அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலும் மேற்கு வன்னி மக்கள் கிழக்கு நோக்கி ஊரூராக இடம்பெயர்ந்து, 2009 மே மாதத்திற் போர் முடிந்தபோது செட்டிகுளத்து மெனிக் பாம் முதலிய முகாம்களிலே தங்கநேர்ந்தது. அன்று பத்து வயதுச் சிறுவராய் மரநிழலிலும் கூடாரத்திலும் பாடங்கேட்டவர்கள், பாடமே கேளாதிருந்தவர்கள், இன்று தாமே பெற்றோராகியுள்ளனர். அவர்களிடம் கல்வியார்வம் குறைவென்று எவரும் சொல்லற்க. தமக்குக் கிட்டாதது பிள்ளைக்குக் கிட்டவேண்டும் என்ற தவிப்பு அவர்களிடமே மிகுதி. கொப்பியைத் திறந்து திருத்தும் துணிவுதான் பலர்க்கு இல்லை.

ஆதலின், எழுதத் தெரியாத தாயும் நிறைவேற்றக்கூடிய வாக்குகளையே வீட்டிடம் கேட்கவேண்டும். அவை நான்கு போதும். அறுவடையாயினும் மீன்பாடு மிகுந்த நாளாயினும் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புவோம். இரவிலே வேளைக்கு உறங்கச் செய்வோம். ஒரு மணி நேரமேனும் கைத்தொலைபேசியும் தொலைக்காட்சியும் ஒலியாத ஓர் இடத்தை ஒளியோடு கொடுப்போம். "இன்று என்ன படித்தாய், எனக்குச் சொல்" என்று நாள்தோறும் கேட்போம். நான்காவதை எளிதென்று கருதற்க. கற்றதைப் பிறர்க்கு எடுத்துச் சொல்லும் பிள்ளை அதனை இரண்டாம் முறையும் கற்கின்றது. கேட்பவர் எழுத்தறிவற்றவராயினும் அப்பயன் குன்றாது.

பாடசாலையின் வாக்குகளும் நான்கேனும் இருத்தல் வேண்டும். அவற்றையே தாளின் முதலில் எழுதவும் வேண்டும். மணியடித்ததும் வகுப்பிலே ஆசிரியர் இருப்பார். பிள்ளை மூன்று நாள் தொடர்ந்து வாராவிடின், இடாப்பிலே குறிப்பதோடு நில்லாது வீட்டுக்கு ஆளனுப்பி விசாரிப்போம். தவணை முடிவில் தேர்ச்சி அறிக்கை வரும்வரை காத்திராமல், பிள்ளை பின்தங்கத் தொடங்கும்போதே சொல்வோம். சப்பாத்து இல்லையென்றோ பணம் கட்டவில்லையென்றோ பிள்ளையைப் பிறர்முன் நாணச் செய்யமாட்டோம்.

மூன்றாவது தரப்பினர் மாணவர். வேளைக்கு வருவேன், விளங்காததைக் கேட்பேன், வகுப்பில் நடந்ததை வீட்டிற் சொல்வேன் என்ற மூன்றும் அவர்க்குப் போதும். 'கேட்பேன்' என்பதிலே ஆசிரியர்க்கும் ஒரு கடமை ஒளிந்திருக்கின்றது. கேட்ட பிள்ளையை ஏசினால், அடுத்த முறை அது கேட்காது.

தாள் கெடாதிருக்க

உடன்படிக்கை தண்டனைக் கருவியாய் மாறிவிடக்கூடாது. வாக்குத் தவறிய பெற்றோரை அழைத்துக் கண்டிப்பதற்கு அது பயன்படுமாயின், அடுத்த ஆண்டு ஒப்பமிட எவரும் வாரார். பணத்தைப் பற்றிய சொல் ஒன்றும் அதில் இருத்தலாகாது. நிதி சேர்த்தல் வேறு. பிள்ளையின் கல்வி பற்றிய வாக்கு வேறு. ஒரே பக்கத்தில், ஊரவர் பேசும் எளிய தமிழில் அது அமையட்டும். ஒப்பமிடுமுன் உரக்க வாசித்துக் காட்டுக. கையெழுத்து அறியாதவர் பெருவிரல் அடையாளம் இடுவதைக் குறைவாக எவரும் நோக்காதிருக்க. தந்தை கடலுக்குச் சென்றிருந்தால் தாயும், இருவரும் இல்லையெனில் அம்மம்மாவும் ஒப்பமிடலாம். கூட்டத்தின் நாளையும் நேரத்தையும் தொழிலுக்குப் போவோரைக் கேட்டே குறித்தல் நன்று.

இதற்கென்று புதிய சங்கம் எதுவும் வேண்டியதில்லை. அதிபர், ஆசிரியர், பெற்றோர், பழைய மாணவர், நலன்விரும்பிகள் ஆகியோர் கூடும் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் நம் பாடசாலைகளில் உண்டு. மதிலும் மண்டபமும் விளையாட்டுப் போட்டியும் பற்றிப் பேசும் கூட்டங்களில், 'நம் பிள்ளைகள் எதைக் கற்றனர்?' என்னும் கேள்விக்கும் அரைமணி நேரம் ஒதுக்கினால் வேலை தொடங்கிவிடும்.

நம் நாட்டிலே பிள்ளைகள் பதினான்கு வயதுவரை பாடசாலைக்குச் செல்லவேண்டுமென்று 1997 இல் வகுக்கப்பட்ட விதி, 2016 இல் பதினாறு வயதுவரை நீட்டப்பட்டது. சட்டம் பிள்ளையைப் பள்ளி வாயில்வரை கொண்டுவந்து விடலாம். வாங்கிலே இருக்கும் பிள்ளையின் மனம் பாடத்திலே பதிகின்றதா என்பதைச் சட்டம் அறியாது. எட்டாந் தரத்திலோ ஒன்பதாந் தரத்திலோ ஒருவன் இடைநிற்பானாயின், அது ஒருநாளில் நிகழ்வதன்று. முதலில் அறுவடைக்காக ஒரு கிழமை. பின்பு வலை இழுக்க இரண்டு கிழமை. திரும்பி வரும்போது கணிதம் விளங்குவதில்லை. விளங்காத வகுப்பில் இருக்க நாணம். ஈற்றில் வள்ளமே கதி. இச்சங்கிலியை முதற் கிழமையிலேயே அறுக்கவல்லவர், அவன் வராததைக் கண்ட ஆசிரியரும் அவனை அனுப்பாத வீட்டாருமே. இருவரும் முன்னரே பேசி வைத்திருந்தால் ஒரு தூது போதும். 2020 இல் கொள்ளைநோயால் பாடசாலைகள் மூடுண்டு வீடே வகுப்பறையானபோது, வீட்டோடு முன்பே பழகியிருந்த ஆசிரியர்க்குத் தம் மாணவரைத் தேடிப்பிடித்தல் எளிதாயிருந்தது என்பதையும் இங்கு நினைத்துக்கொள்ளலாம்.

எல்லா வகுப்புக்கும் ஒரேயடியாய்த் தொடங்க வேண்டியதில்லை. வரும் ஆண்டிலே முதலாந் தரத்திற் சேரும் பிள்ளைகளின் பெற்றோரை மட்டும் அழைத்து, வகுப்பாசிரியர் அவர்களோடு ஒரு மாலைப்பொழுது அமர்ந்து இத்தாளை எழுதட்டும். தவணைக்கு ஒருமுறை அதே தாளை எடுத்து, இரு தரப்பாரும் எதைச் செய்தோம், எதைச் செய்யவில்லை என்று பார்க்கட்டும். செய்ய முடியாததை நீக்கிச் செய்யக்கூடியதை எழுதிக்கொள்ளட்டும். அப்பிள்ளைகள் ஐந்தாந் தரத்தை அடையும்போது, அவர்களுள் ஒருவரேனும் இடையில் நழுவாதிருந்தால் அத்தாள் தன் வேலையைச் செய்துவிட்டதெனக் கொள்ளலாம்.

இதனை வாசிக்கும் பெற்றோர்க்கு ஒரு விண்ணப்பம். பாடசாலை அழைக்கும்வரை காத்திராதீர்கள். நாளைத் திங்கட்கிழமை பிள்ளையை விடச் செல்லும்போது வகுப்பாசிரியரைக் கண்டு, "என் பிள்ளைக்காக வீட்டிலே நான் செய்யவேண்டியது என்ன?" என்று கேளுங்கள். கேட்டபின், "பாடசாலையிலே நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று பணிவோடு கேட்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு.