மழை லீவு: மழை அளவா, தரைப்பாலமா?

2024 டிசம்பர் 2, திங்கட்கிழமை. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து ஒன்றரை நாள் ஆகியிருந்தது. கடலே இல்லாத எங்கள் தருமபுரி மாவட்டத்தில், அரூரில் 24 மணி நேரத்தில் 33 செ.மீ. மழை; பக்கத்து மாவட்டத்து ஊத்தங்கரையில் 50. அன்றைக்குப் பள்ளிகளுக்கு லீவு விட்டது சரிதான்.

என் கேள்வி சாதாரண மழை நாளைப் பற்றியது. அன்றாட மழைக்கணக்கு காலை 8.30-க்குத்தான் முடியும். அதற்குள் பிள்ளைகள் பாதி வழியில் இருப்பார்கள். மேலும், ஆபத்து இருப்பது தரைப்பாலத்தில். ராத்திரி மலையில் பெய்த தண்ணி, கீழே தூறல்கூட இல்லாதபோது ஓடையில் வந்து சேரும். முழங்கால் ஆழ வேகத் தண்ணியே ஆளைத் தள்ளிவிடும்.

"அப்போ எதுக்கும் லீவு விட்டுடலாமே?" விடலாம். ஆனா அரசுத் தொடக்கப் பள்ளியில் லீவு என்றால் காலை உணவும் மதிய உணவும் சேர்ந்தே போகும். பெற்றோர் கூலி வேலைக்குப் போய்விட்டால், ஏரி நிரம்பிய நாளில் பிள்ளை தனியாக இருக்கும். ரெண்டு மணி நேரம் தள்ளித் திறக்கலாமா? காலையில் ஒரே பஸ் வரும் ஊரில் அது நடக்காது.

புயல் நாளுக்கு மாவட்டம் முழுக்க கலெக்டர் உத்தரவே இருக்கட்டும். மற்ற நாளில் முடிவைத் தலைமையாசிரியரிடம் விடலாம். ஓடைக்கு அக்கரைப் பிள்ளைகளுக்கு மட்டும்கூட லீவு தரலாம். ஓடையில் தண்ணி எவ்வளவு என்று ஊர்க்காரருக்கு விடியும்போதே தெரியும். ஒரு போன் போதும்.