42 அடித் தண்ணீரின் மேல் ஒரு பலகை

எனக்கு ஏழெட்டு வயது இருக்கும். நடவுக்கு முந்தின நாள், மாமா வயலில் பரம்படித்துக்கொண்டிருந்தார். உழுது சேறாக்கிய வயலில் தண்ணீர் கட்டி, மாடுகளுக்குப் பின்னால் நீளமான பலகையைப் பூட்டி இழுத்து, மேடு பள்ளத்தை நிரவுவதுதான் பரம்பு. பலகைக்குப் பாரம் வேண்டும். சும்மா சுற்றும் பையன்களைத்தான் ஏற்றிவிடுவார்கள். எனக்கு அது காசில்லாத ராட்டினம். ஏறிய வேகத்தில் ஆர்வக்கோளாறாக முன்னால் சாய்ந்தேன். பலகையின் மூக்கு சேற்றுக்குள் இறங்கியது. மாடுகள் தம் பாட்டுக்கு நடந்தன. நான் முகங்குப்புற விழுந்தேன். வாயில் புகுந்த சேற்றைத் துப்பிக்கொண்டிருந்தபோது, மாமா திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "பெருவெரல்ல நிக்காதடா. குதிகால்ல நில்லு."

எங்கள் ஊர் கூமாப்பட்டி. அந்தப் பெயரைச் சொன்னால் இப்போது பலருக்கும் நினைவுக்கு வருவது 2025-ல் ஊரெல்லாம் ஓடிய ரீல்ஸ்தான். தண்ணீரைக் காட்டி "ஏங்க" என்று அழைத்த அந்தக் குரலைக் கேட்டு எங்கெங்கிருந்தோ வண்டி கட்டி வந்தார்கள். எங்களுக்கு அந்தத் தண்ணீர் நெல்லுக்கும் தென்னைக்கும் உரியது. மேற்கே மலையடிவாரத்தில் பிளவக்கல் பெரியாறு அணை 47 அடி, பக்கத்தில் கோவிலாறு அணை 42 அடி. அந்த 42-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

மாமா சொன்ன அதே பாடத்தை ரால்ஃப் சாமுவேல்சன் என்ற அமெரிக்க இளைஞரும் தண்ணீர் குடித்துத்தான் கற்றார். மினசோட்டா மாநிலத்தில் லேக் சிட்டி என்ற ஊர், பெப்பின் ஏரி, வருடம் 1922. பனியில் சறுக்க முடிகிறதே, தண்ணீரில் ஏன் முடியாது என்பதுதான் அவருடைய கேள்வி. பீப்பாய்ப் பலகைகளைக் காலில் கட்டிப் பார்த்தார், மூழ்கினார். பனிச்சறுக்குக் கட்டைகளைக் கட்டினார், மறுபடி மூழ்கினார். கடைசியில் 8 அடி நீளம், 9 அங்குல அகலத்தில் இரண்டு பலகைகள் வாங்கி, நுனிகளை அம்மாவின் செப்புப் பாத்திரத்தில் கொதிக்கவைத்து இளக்கி, மேல்நோக்கி வளைத்தார். அப்படியும் விழுந்துகொண்டே இருந்தார். ஜூலை 2 அன்று, பலகை நுனிகள் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும்படி பின்னால் சாய்ந்து உட்கார்ந்த நிலையில், அண்ணன் ஓட்டிய படகு இழுக்க, எழுந்து நின்றார். மறுநாள் அவருக்கு 19 வயது பிறந்தது. நீர்ச்சறுக்கு என்ற விளையாட்டு அங்கிருந்து தொடங்குகிறது.

குதிகாலில் நின்றால் பலகையின் மூக்கு தூக்கும். தூக்கிய மூக்கோடு முன்னால் போகும் பலகை, எதிரே வரும் தண்ணீரைக் கீழே தள்ளுகிறது. தள்ளுபட்ட தண்ணீர் பலகையை மேலே தள்ளுகிறது. தட்டைக் கல்லைச் சாய்த்து வீசினால் கண்மாய்த் தண்ணீரில் தத்தித் தத்திப் போவதும் இதே கணக்கில்தான். கல் மிதக்கும் பொருளா என்ன? வேகம் இருக்கிறவரை தண்ணீர் அதைத் தாங்கும். வேகம் தீர்ந்தால் கைவிட்டுவிடும்.

எவ்வளவு தாங்கும் என்பதில்தான் வியப்பு இருக்கிறது. ஓடும் பொருளில் மோதி நிற்கும் தண்ணீர் எவ்வளவு அழுத்தம் தரும் என்பதை, "இத்தனை அடி உயரத் தண்ணீரின் அடியில் இருக்கும் அழுத்தம்" என்று சொல்லலாம். வேகத்தை வேகத்தால் பெருக்கிப் புவியீர்ப்பின் இருமடங்கால் வகுத்தால் அந்த உயரம் வந்துவிடும், பத்தாம் வகுப்புக் கணக்கு. பரம்படிக்கும் மாடு விநாடிக்கு ஒரு மீட்டர் நடக்கிறது என்று வையுங்கள். விடை 2 அங்குலம். அவ்வளவுதான். பரம்பின் மேல் நிற்கும் ஆளைச் சேறு தாங்குகிறதே ஒழிய, தண்ணீருக்கு அதில் பங்கே இல்லை. இப்போது மாடுகளை அவிழ்த்துவிட்டு, மணிக்கு 58 கிலோமீட்டரில் போகும் படகைப் பூட்டுங்கள். வேகம் 16 மடங்கு கூடுகிறது, அழுத்தமோ சுமார் 260 மடங்கு. விடை 43 அடி. நிரம்பிய கோவிலாறு அணையின் அடித்தளத்தில் இருக்கும் அழுத்தத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். முழு அழுத்தமும் கிடைத்தால் 75 கிலோ ஆளைத் தாங்க உள்ளங்கை அளவு இடம் போதும். பலகை சில பாகை மட்டுமே சாய்ந்து போவதால், தண்ணீர் வந்து முட்டும் கோட்டில்தான் முழு அழுத்தமும் விழும். அதைத் தாண்டிப் பின்னால் போகப் போகக் குறையும். அதனால்தான் உள்ளங்கையோடு முடியாமல் ஒரு பலகையே தேவைப்படுகிறது.

இந்தக் கணக்கை நம்பாதவர்கள் கர்நாடகக் கடற்கரைக்குப் போகலாம். தட்சிண கன்னடா, உடுப்பி மாவட்டங்களில் சேற்றுத் தண்ணீரில் எருமைகளை ஓட்டும் கம்பளாப் பந்தயத்தில் ஒரு பிரிவு உண்டு. எருமைகள் இழுக்கும் மரப்பலகையில் ஓட்டுபவர் ஏறி நிற்பார். பலகையில் துளைகள் போட்டிருப்பார்கள். ஓட்டத்தில் அந்தத் துளைகள் வழியே தண்ணீர் ஊற்றுப்போலப் பீறிட்டு மேலே அடிக்கும். குறுக்கே உயரத்தில் கட்டிய வெள்ளைத் துணியை அது நனைக்கிறதா என்று பார்ப்பார்கள். யார் முதலில் வந்தார் என்பதைவிட எவர் தண்ணீர் உயரப் போனது என்பதுதான் அங்கே பேச்சு. பலகைக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் அழுத்தத்தை வானத்தில் கோடு போட்டுக் காட்டும் கருவி அது. விமான வேகத்தை அளக்கும் பிட்டோ குழாயும் இந்தத் தத்துவத்தில்தான் வேலை செய்கிறது. 2020 பிப்ரவரியில் ஸ்ரீநிவாச கௌடா என்ற கம்பளா ஓட்டக்காரர் எருமைகளோடு 142.5 மீட்டரை 13.62 விநாடியில் ஓடியதாகச் செய்தி வந்து நாடே பேசியது. அந்த வேகத்தில் ஒரு பலகை போனால், கணக்குப்படி ஊற்று 18 அடி எழலாம். உராய்வும் சிதறலும் தின்றது போக மீதிதான் துணியை எட்டும்.

மறுபடி நீர்ச்சறுக்குக்கு வருவோம். அதில் ஸ்லாலம் என்ற பிரிவு நேராகப் போகும் சறுக்கு அல்ல. 259 மீட்டர் தடத்தின் நடுவே படகு நேர்கோட்டில் போகும். இரு பக்கமும் மாறி மாறி ஆறு மிதவைகள், ஒவ்வொன்றும் நடுக்கோட்டிலிருந்து 11.5 மீட்டர் தள்ளி. ஒற்றைப் பலகையில் இரண்டு காலையும் முன்பின்னாக வைத்து நிற்பவர், ஆறையும் வெளிப்புறமாகச் சுற்றி வரவேண்டும். படகு 58 கிலோமீட்டரில் போனால் முழுத் தடத்துக்கும் 16 விநாடி. ஒரு மிதவையிலிருந்து அடுத்ததற்கு இரண்டரை விநாடி. அதற்குள் 23 மீட்டர் பக்கவாட்டில் கடக்க வேண்டும். இந்த அளவில் ஒருவர் தேறிவிட்டால் படகின் வேகத்தைக் கூட்டமாட்டார்கள், கயிற்றை வெட்டுவார்கள். 18.25 மீட்டரில் தொடங்கி 16, 14.25, 13, 12 என்று குறைந்துகொண்டே வரும். 11.25-க்கு வந்ததும் கணக்கு உதைக்கும். மிதவை இருப்பது 11.5-ல், கயிறோ அதற்கே எட்டாது. உச்ச வீரர்கள் 9.75 மீட்டர் கயிற்றிலும் மிதவைகளைச் சுற்றியிருக்கிறார்கள். கயிறு எட்டாத மீதியை உடம்புதான் எட்டுகிறது. ஒரு கையை நீட்டி, இடுப்பு தண்ணீரை உரசும் அளவுக்குப் படுத்து, காலடிப் பலகையை மட்டும் மிதவைக்கு அந்தப் பக்கம் அனுப்புகிறார்கள்.

ஆக அந்தப் பலகைக்கு இரண்டு எதிரெதிர் வேலைகள். குறுக்கே பாயும்போது மிதந்து, வழுக்கி, வேகம் பிடிக்க வேண்டும். மிதவையருகே அமிழ்ந்து, வேகம் இழந்து, திரும்ப வேண்டும். ஒன்றுக்கு நல்லது மற்றதற்குக் கெட்டது. பலகை வடிவமைப்பாளரின் பிழைப்பே இந்த இரண்டுக்கும் பஞ்சாயத்துப் பண்ணுவதுதான்.

ஒரு ஸ்லாலம் பலகையைச் சமமான சிமெண்ட் தரையில் வைத்துப் பாருங்கள். நடுப்பகுதிதான் தரையைத் தொடும். மூக்கும் வாலும் மரக்குதிரையின் அடிக்கட்டைபோல எழும்பியிருக்கும். இந்த வளைவுக்கு ராக்கர் என்று பெயர். வளைவு கூடினால் சட்டென்று திரும்பும், ஆனால் வேகம் தங்காது. வளைவு குறைந்தால் சீறிப் பாயும், திருப்பத்தில் அடம்பிடிக்கும். கவிழ்த்துப் போட்டால் அடிப்புறம் தென்னம்பாளையின் உட்புறம்போலக் குழிந்திருக்கும். பலகையைச் சாய்க்கும்போது தண்ணீர் பக்கவாட்டில் நழுவி ஓடாமல் இந்தக் குழிவு பிடித்துவைக்கும்.

எனக்குப் பிடித்தது ஓரம். அடிப்புறமும் பக்கமும் சேரும் அந்த விளிம்பைக் கூர்மையாக விட்டால், தண்ணீர் அங்கேயே வெட்டுப்பட்டு விலகிவிடும், பலகை உயர மிதக்கும். உருட்டி மழுக்கிவிட்டால் தண்ணீர் அந்த வளைவைத் தழுவிக்கொண்டு மேலேறும். ஏறும்போது பலகையைக் கீழே இழுக்கும். தண்ணீர் இழுக்குமா என்று சந்தேகமாக இருந்தால் சமையலறைக்குப் போங்கள். குழாயைத் திறந்துவிட்டு, ஒரு கரண்டியின் காம்பை இரு விரலால் தளர்வாகப் பிடித்து, முதுகுப்புறத்தை ஓடும் தண்ணீரில் லேசாக உரசவிடுங்கள். தண்ணீர் கரண்டியை வெளியே தள்ளும் என்று எதிர்பார்ப்பீர்கள். உள்ளே இழுத்துக்கொள்ளும். திருப்பத்தில் பலகை அமிழ்ந்து பிடிப்பது இந்த இழுப்பால்தான். விளிம்பில் உப்புத்தாளால் நாலு தேய்ப்புத் தேய்த்தால் போதும், பலகையின் குணமே மாறிவிடும்.

வாலுக்கு அடியில் ஓர் உலோகத் தகடு, மீன் துடுப்புப்போல. ஏறக்குறைய 7 அங்குல நீளம், இரண்டரை அங்குல ஆழம். வால் பக்கவாட்டில் வழுக்காமல் காப்பது அதுதான். வீரர்கள் பள்ளி ஆய்வகத்து வெர்னியர் காலிப்பரை வைத்துக்கொண்டு அதை அங்குலத்தில் ஆயிரத்தின் சில பங்கு முன்னே பின்னே நகர்த்துவார்கள். ஆயிரத்தில் பத்துப் பங்கு என்றால் இரண்டரைத் தாள் கனம். அந்த அளவு நகர்ந்ததற்கே, பலகை கெட்டுவிட்டது என்றோ உயிர் வந்துவிட்டது என்றோ சொல்வார்கள். கொஞ்சம் மனப்பிராந்தியும் இருக்கும் என்பது என் கட்சி. ஆனால் பக்கவாட்டு விசையை முக்கியமாகத் தாங்குவது அந்தச் சிறு தகடும் ஒரு விளிம்பும்தான், அதனால் முழுக்கச் சிரித்துத் தள்ளவும் முடியாது. மற்றபடி உள்ளே நுரை, மேலே கார்பன் இழை. எடை குறைவு என்று விளம்பரம் செய்வார்கள். எடையைவிட, எங்கே எவ்வளவு வளைந்து கொடுக்கிறது என்பதுதான் காசுக்குரிய சரக்கு.

பலகை வாங்குகிறவர் பார்க்க வேண்டியது இரண்டே: தன் எடை, படகின் வேகம். மீண்டும் அந்தத் தண்ணீர் உயரத்துக்கே வருகிறோம். 58 கிலோமீட்டரில் 43 அடி கிடைக்கிறது. புதிதாகக் கற்பவரை 42 கிலோமீட்டரில் இழுத்தால் 23 அடிதான் கிடைக்கும், ஏறக்குறையப் பாதி. ஆள் எடை பாதியாகிவிடுமா? ஆகாது. அப்படியானால் அகலத்தைக் கூட்டு, நீளத்தைக் கூட்டு. சாமுவேல்சன் காலத்து மெதுவான படகுக்கு 12 சதுர அடிப் பலகை தேவைப்பட்டதும், இன்றைய 66 அங்குலப் பலகை அதில் ஐந்தில் ஒரு பங்கில் முடிந்துவிடுவதும் பெருமளவு இதனால்தான். கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் 63 முதல் 69 அங்குலம் வரை. சாம்பியன் ஓட்டும் ஒல்லிப் பலகையை முதல் வருடமே வாங்குவது, வாடிவாசல் காளையைப் பிடித்து வந்து பரம்பில் பூட்டுவதுபோல. சிறிய பலகை மெதுவான படகில் ஆழ அமிழும், தண்ணீரை உழும், கையைப் பிடுங்கும். குறை தன் காலில் என்று நினைத்து மனிதர் விளையாட்டையே விட்டுவிடுவார். அகலப் பலகையில் தொடங்குவதில் அவமானம் ஒன்றுமில்லை.

கூமாப்பட்டி வயல்களில் இப்போது டிராக்டர் பரம்படிக்கிறது. அதில் ஏறி நிற்கப் பையன்களை யாரும் கூப்பிடுவதில்லை. கோவிலாறு, பெரியாறு அணைகளைப் பார்க்க வருகிறவர்கள் வத்திராயிருப்பிலிருந்து எங்கள் ஊர் வழியாகத்தான் போக வேண்டும். கரையில் நின்று பாருங்கள், அடியில் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று இப்போது தெரியும். தண்ணீரில் இறங்கிக் குளிக்க அங்கே அனுமதி கிடையாது. ரீல்ஸைப் பார்த்துவிட்டு வந்து இறங்கிவிடாதீர்கள்.