உள்ளங்கை அளவுக்கு ஒரே ஒரு செல்

ஒற்றைச் செல் உயிரி என்றால் நுண்ணோக்கி வேண்டும் என்றுதான் பள்ளியில் படித்தோம். ஆழ்கடல் தரையில் வாழும் செனோஃபயோஃபோர்களைப் பார்க்க வெறும் கண்ணே போதும். சில இனங்கள் 20 சென்டிமீட்டர் வரை வளர்கின்றன. நியூக்ளியஸ்கள் ஏராளம், செல் என்னவோ ஒன்றுதான். மரியானா அகழியில் 10 கிலோமீட்டருக்கும் கீழே இவை வாழ்வதை 2011-இல் கேமராக்கள் பதிவு செய்தன.

கண்ணுக்குத் தெரிந்தும் இனம் பிரிப்பது பெரும்பாடு. இந்த உயிரி தன் கூட்டைத் தானே கட்டிக்கொள்கிறது. சேற்றுத் துகள், கடற்பஞ்சின் ஊசிமுள், செத்த உயிர்களின் ஓடு என்று அகப்பட்டதையெல்லாம் ஒட்டிக் கட்டுகிறது. கழிவைக்கூட வெளியே தள்ளாமல் சிறு உருண்டைகளாக்கி உள்ளேயே சேர்த்துவைக்கிறது. உயிருள்ள பகுதி கூட்டுக்குள் ஓடும் மெல்லிய இழைகள் மட்டுமே. தொட்டாலே நொறுங்கும் இந்தக் கூடு, வலையில் சிக்கினால் கப்பலுக்கு வெறும் மண்ணாகத்தான் வந்து சேரும்.

ஸ்காட்லாந்துக்கு அப்பால் கிடைத்த ஒன்றை 1883-இல் விவரித்த ஆய்வாளர் ஹென்றி பிராடி, அதை ஃபொராமினிஃபெரா என்னும் ஒற்றைச் செல் கூட்டத்தில் சேர்த்தார். சேலஞ்சர் ஆய்வுக் கப்பல் கொண்டுவந்த சிலவற்றை எர்ன்ஸ்ட் ஹெக்கல் 1889-இல் கடற்பஞ்சு என்றார். விலங்கியலாளர் ஷூல்ட்சே இவற்றைத் தனிக் கூட்டமாகவே பிரித்தார். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மரபணுச் சோதனை வந்த பிறகுதான் வழக்கு தீர்ந்தது: பிராடி சொன்னதே சரி!

இப்போது ரோபோ வாகனங்கள் இவற்றை உடையாமல் எடுத்துவருகின்றன. ஹவாய்க்கும் மெக்சிகோவுக்கும் நடுவே உள்ள கிளாரியன்-கிளிப்பர்ட்டன் பகுதியில் 2018-இல் அப்படி எடுத்தவற்றிலிருந்து நான்கு புதிய இனங்களை ஆண்ட்ரூ குடே குழுவினர் 2020-இல் அறிவித்தனர். பந்து வடிவில் ஒன்று அபிசாலியா ஸ்ஃபெரிகா, இலை வடிவில் ஒன்று அபிசாலியா ஃபோலிஃபார்மிஸ். இனம் பிரிக்க உருவம் மட்டும் போதாது, மரபணுவும் ஒத்துப்போக வேண்டும். கூட்டுக்குள் வேறு உயிர்களும் குடியிருப்பதால், கிடைத்த மரபணு யாருடையது என்பதையும் உறுதிசெய்தாக வேண்டும். வேலை மெதுவாகத்தான் நடக்கும்.

அவசரமோ வேறு பக்கத்திலிருந்து, கடல்தரையை அகழும் திட்டங்களிலிருந்து, வருகிறது. அதே தரையில்தான் மாங்கனீசு, நிக்கல், கோபால்ட் கொண்ட உலோக உருண்டைகள் கிடக்கின்றன. செனோஃபயோஃபோர்கள் பலவற்றுக்கு அவைதாம் பற்றிக்கொள்ளும் பாறை. இந்தியாவுக்கும் மத்திய இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டரில் இந்த உருண்டைகளை ஆய்வு செய்யும் உரிமை உண்டு. சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2021-இல் தன் 'வராஹா' அகழ்வு இயந்திரத்தை 5,270 மீட்டர் ஆழத்தில் ஓட்டிப் பார்த்தது.

உலோகக் கணக்கு கையில் இருக்கிறது. உயிர்க் கணக்கு பாதிகூட முடியவில்லை. அகழத் தொடங்கும் முன் அதை முடிப்பதே முறை. அகழ்ந்துவிட்டால் மீளாது: அந்த உருண்டைகள் சில மில்லிமீட்டர் வளரவே பத்து லட்சம் ஆண்டுகள் ஆகும்.