நோத் தீர்க்கும் குளிசைகள்: நன்மையும் தீமையும்

தலையிடி, பல்வலி, நாரிப்பிடிப்பு, முழங்கால் நோ என ஏதேனும் தோன்றியதும் அலுமாரியைத் திறந்து குளிசை ஒன்றை எடுத்து விழுங்குவது நம் இல்லங்களில் வழக்கமாகிவிட்டது. அயலவருக்குச் சுகம் தந்த குளிசையைக் கேட்டு வாங்கி உண்போரும் உளர். நோ நீங்குவது உண்மையே. ஆயின், நோவை நீக்கும் அதே செயல் உடலின் வேறோர் உறுப்புக்குத் தீங்காகவும் அமையலாம் என்பதைப் பலர் அறியார்.

குளிசை செய்யும் வேலை

அஸ்பிரின், இபுபுரூபன், டைக்குளோபினக், நப்ரொக்சன் முதலியன அழற்சியைத் தணிக்கும் மருந்துகளாகும். இவற்றுள் மூத்தது அஸ்பிரின். ஜெர்மனியில் 1899ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த இம்மருந்து நோவை எவ்வாறு தணிக்கின்றது என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. 1971இல் பிரித்தானிய விஞ்ஞானி ஜோன் வேன் அதற்கு விடை கண்டார். 1982இல் வேறு இருவருடன் நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார்.

உடலில் காயமோ அழற்சியோ ஏற்பட்ட இடத்தில் புரொஸ்டாகிளாண்டின் எனும் பொருள்கள் சுரக்கின்றன. வீக்கத்தையும் நோவையும் காய்ச்சலையும் தோற்றுவிப்பவை இவையே. குளிசை இவற்றின் உற்பத்தியைத் தடுக்கின்றது. ஆனால் இரைப்பையின் உட்சுவரை அமிலம் அரித்துவிடாமற் காப்பவையும், சிறுநீரகத்துக்குக் குருதி குறைவின்றிச் செல்ல உதவுபவையும் இப்பொருள்களே. கள்வனைத் துரத்தப் புகுந்து காவலாளியையும் துரத்திவிட்ட கதைதான்.

உணவின் பின் உண்டால் தீங்கில்லை என்பர். உணவு வயிற்றெரிவைச் சற்றுக் குறைக்கலாம். குருதியிற் கலந்த மருந்து இரைப்பையின் காப்பைக் குறைப்பதை அது தடுப்பதில்லை. நாட்பட உண்போருக்குக் குடற்புண்ணும் இரத்தக்கசிவும் உண்டாகலாம். மலம் தார்போற் கறுத்தாலோ, வாந்தியில் இரத்தம் தோன்றினாலோ தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

யாவர் அவதானிக்க வேண்டும்?

முதியோர், முன்னர் குடற்புண் கண்டோர், சிறுநீரக நோயாளர், இருதய நோயாளர், இரத்த அமுக்கத்துக்கோ இரத்தம் உறையாதிருத்தற்கோ மருந்து உண்போர் ஆகியோர் வைத்தியரைக் கேளாது இவற்றைத் தொடலாகாது. தொய்வு நோயாளர் சிலருக்கு இவற்றால் மூச்சுத்திணறல் உண்டாகும். கருவுற்ற தாய்மாரும், சிறப்பாக 20 வாரங்களின் பின், விலக்க வேண்டியவை இவை. வைத்தியர் பணித்தாலன்றி 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அஸ்பிரின் கொடுத்தல் கூடாது. மூளையையும் ஈரலையும் தாக்கும் அரிய நோயொன்றுக்கு அது ஏதுவாகலாம்.

டெங்குக் காய்ச்சலும் குளிசையும்

இலங்கையர் மறக்கவொண்ணாத எச்சரிக்கை ஒன்றுண்டு. 2017ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 186,000க்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். இந்நோயில் இரத்தம் உறைவதற்கு வேண்டிய குருதிச் சிறுதட்டுகள் குறைந்துவிடுகின்றன. அவ்வேளையில் அஸ்பிரினோ இபுபுரூபனோ டைக்குளோபினக்கோ உட்சென்றால் இரத்தப்பெருக்குக்கு வழி திறந்துவிடும். காரணம் அறியாத காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டுமே தக்கது. அதனையும் வயதுக்கும் நிறைக்கும் ஏற்ற அளவிலேயே கொடுத்தல் வேண்டும். உடல்நோ தாங்கவில்லையென்று பிள்ளைக்கு வேறு குளிசை கொடுக்க முனையும் பெற்றோர் இதனை மனத்திற் கொள்வாராக.

கைக்கொள்ள வேண்டியவை

குறைந்த அளவில், குறைந்த நாட்களுக்கு உண்பதே முறை. வைத்திய ஆலோசனையின்றி வளர்ந்தோர் ஒருவர் நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராமுக்கு மேல் இபுபுரூபன் உண்ணலாகாது. ஒரே மருந்து பல வணிகப் பெயர்களில் விற்கப்படுவதால் உறையிலுள்ள மருந்தின் பெயரை வாசித்தறிக. ஐயமுண்டாயின் மருந்தாளரைக் கேட்டறிக. இவ்வினத்தைச் சேர்ந்த இரண்டை ஒருங்கே உண்ணாதீர். சில நாட்களில் நோ தணியாவிடின் வைத்தியரை நாடுக.

இருதய நோய்க்கென வைத்தியர் பணித்த சிறிய அளவு அஸ்பிரினை உண்டு வருவோர், இதனை வாசித்துவிட்டு அதனைத் தாமாகவே நிறுத்திவிடலாகாது. நிறுத்துவதும் தொடர்வதும் வைத்தியர் கூற்றின்படியே நடைபெறல் வேண்டும்.